குடிமதிப்பும் கோயிற் பதிவேடும்

செகந்திராபாத்தில் நான்கு தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழன்பர் ஒருவரிடம், "தங்கள் பூர்விகம் எது?" என்று வினவினால், பெரும்பாலும் விடையாகக் கிடைப்பது ஒரு ஜில்லாவின் பெயரே. "வட ஆர்க்காட்டுப் பக்கம்" என்பார். அல்லது, "தஞ்சாவூர்ச் சீமை" என்பார். எந்த ஊர், முதன்முதலில் இங்கு வந்தவர் யார், அவர் எதை நம்பி வந்தார் என்று மேலும் கேட்டால் விடை தயங்கி நின்றுவிடும். அடுத்த வீட்டுத் தெலுங்கு அன்பருக்கோ இத்தொல்லை இல்லை. அவருடைய பெயருக்கு முன்னே 'இண்டிபேரு' என்னும் வீட்டுப் பெயர் நிற்கிறது. பல குடும்பங்களில் அது பழைய ஊரின் பெயராகவே இருக்கும். தம் பூர்விகத்தை அவர் கையெழுத்திடும்போதெல்லாம் தாமே எழுதிக் கொண்டிருக்கிறார்.

நமக்கு அத்தகைய குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மகன் பெயருக்கு முன்னே நிற்கும். அம்மகனுக்கு ஒரு மகன் பிறந்ததும் அந்த எழுத்து விலகி, வேறோர் எழுத்து வந்து அமரும். பாட்டன் பெயர் இவ்வாறு மூன்றாம் தலைமுறையில் ஏட்டிலிருந்து மறைந்துபோகிறது. இக்குறையை அறிந்துதானோ என்னவோ, நம் முன்னோர் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இட்டார்கள். பாட்டனின் பெயரை உடையவன் பெயரன். அச்சொல்லே பேரன் என்று மருவிற்று. அவ்வழக்கம் தளர்ந்த வீடுகளில் இழை அறுந்துவிட்டது. அறுந்த இழையைப் பழைய ஏடுகளைக் கொண்டு மீண்டும் முடியலாகுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள்.

தமிழர் இந்நகருக்கு எவ்வாறு வந்தனர் என்பதை முதலில் சிறிது நினைவுகூர்தல் நலம். ஏனெனில் ஒருவர் வந்த வழியைப் பொறுத்தே அவரைப் பற்றிய ஏடும் அமையும். 1798-ஆம் ஆண்டில் நிஜாம் அலி கானுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி நிறுத்தப்பட்ட கம்பெனிப் படை ஹுசேன் சாகருக்கு வடக்கே பாளையம் இறங்கியது. 1806-இல் அப்பாளையத்திற்கு நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் என்ற பெயர் வழங்கலாயிற்று. படை சென்னை ராணுவத்தைச் சேர்ந்தது. ஆதலால் சிப்பாய்களுடன் கணக்கர், துபாஷிகள், சமையற்காரர், குதிரைக்காரர், சரக்கு விற்போர் எனப் பலரும் தென்னாட்டிலிருந்து தொடர்ந்து வந்தனர். 1874-இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் இரண்டாம் அலை எழுந்தது. லாலகுடாவின் ரயில்வேப் பட்டறை பல தமிழ்க் குடும்பங்களுக்கு அன்னமிட்டது. கற்றோர் உத்தியோகங்களையும் வாணிபத்தையும் நாடி வந்தது அதன் தொடர்ச்சி.

முன்னோரைத் தேடப் புகுவோருக்கு முதலில் தோன்றும் எண்ணம் குடிமதிப்பு. வீடுதோறும் வந்து ஆளெண்ணி, பெயரும் வயதும் தொழிலும் எழுதிச் சென்றார்களே, அவ்வேடுகளில் என் பாட்டனார் இராமலிருப்பாரா என்பது நியாயமான வினாவே. இங்கிலாந்தில் 1841 முதற்கொண்டு குடிமதிப்பில் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பெற்றது. நூறாண்டு கழிந்தபின் அவ்வேடுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1921-ஆம் ஆண்டின் ஏடுகள் 2022-இல் திறக்கப்பட்டன. 1931-இன் ஏடுகள் 1942-இல் தீக்கிரையானமையால் அவற்றை எவரும் காணும் பேறு இல்லை. அமெரிக்காவில் காத்திருப்புக் காலம் எழுபத்திரண்டு ஆண்டுகளே. இச்செய்திகளைக் கேள்வியுற்ற நம்மவர் பலர், இந்நாட்டிலும் அவ்வாறே ஓர் அறை நிறைய ஏடுகள் காத்திருக்கும் என்று எண்ணிவிடுகின்றனர்.

உண்மை வேறு. இந்தியாவில் முதற் குடிமதிப்பு 1871, 1872-ஆம் ஆண்டுகளை ஒட்டி, மாகாணத்துக்கு மாகாணம் வெவ்வேறு நாளில் எடுக்கப்பட்டது. நாடெங்கும் ஒரே நாளில் எண்ணியது 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி. நிஜாம் ராஜ்யமும் அதில் சேர்ந்துகொண்டது. 1931 வரையில் இம்முறையே நடந்தது. எண்ணுவோர் சில வாரங்களுக்கு முன்பே வீடுகளுக்கு எண்ணிட்டு, வீட்டிலுள்ளோர் விவரத்தைக் கறுப்பு மையால் எழுதி வைப்பர். குறித்த இரவில் விளக்கும் கையுமாய் மீண்டும் வந்து, இடையில் பிறந்தவரைச் சேர்த்து, இறந்தவரையும் வெளியூர் சென்றவரையும் சிவப்பு மையால் அடித்துச் செல்வர். வீட்டுப் பெண்டிரின் பெயரைச் சொல்ல வீட்டார் கூசினால் 'பெண்' என்று மாத்திரம் எழுதினாற் போதும் என்று எண்ணுவோருக்குக் கட்டளை இருந்தது. நம் பாட்டிமார் எத்தனை பேர் அந்த ஒற்றைச் சொல்லாக அடங்கிப் போயினரோ!

அவ்வளவு அரும்பாடுபட்டு எழுதிய தாள்கள் என்னவாயின? அவற்றிலிருந்து எண்ணிக்கையைப் பிரித்தெடுத்தனர். 1901 முதல் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சிறு சீட்டு எழுதி, மதத்திற்கொரு நிறமாகப் பிரித்து, பலகைப் புரைகளில் இட்டு எண்ணும் முறை வந்தது. கூட்டிக் கழித்து அட்டவணைகள் அச்சேறியதும் தாள்களும் சீட்டுகளும் ஒழிக்கப்பட்டன. வரியும் நிர்வாகமும் கருதிய அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது தொகையே. எத்தனை பேர் என்ற வினாவுக்கு விடை கிடைத்தபின், யார் யார் என்பதைக் காத்து வைக்க இடமும் இல்லை, மனமும் இல்லை. பிற்காலத்தில் 1948-ஆம் ஆண்டின் குடிமதிப்புச் சட்டம், தனி மனிதரைப் பற்றிய அப்பதிவுகளை எவரும் பார்வையிடலாகாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொள்ளலும் ஆகாது என்று விதித்தது. மக்கள் அஞ்சாமல் உண்மை சொல்லவேண்டும் என்பதே அதன் கருத்து; அது தக்கதே எனலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது நம் கவனத்துக்கு உரியது. 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பை ஒட்டி, சீட்டுகளிலிருந்த பெயர்களைக் கிராமவாரியாகப் படியெடுத்து, குடிமக்கள் பதிவேடு ஒன்று தயாரிக்கப்பட்டது. அஸ்ஸாமில் அதன் பகுதிகள் பல எஞ்சியிருந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் அங்குக் குடியுரிமையை மீண்டும் சரிபார்க்கப் புகுந்தபோது, தந்தையோ பாட்டனோ அப்பழைய ஏட்டில் உள்ளார் எனக் காட்டுவது குடியுரிமைக்கு ஒரு சான்றாயிற்று. 2019 ஆகஸ்டு 31-இல் அங்கு இறுதிப் பட்டியல் வெளியிடப்பட்டது. முன்னோரின் பெயர் ஓர் ஏட்டில் இருப்பதும் இல்லாததும் பொழுதுபோக்கான ஆராய்ச்சி மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அச்சேறிய குடிமதிப்பு நூல்கள் பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. ஹைதராபாத் ராஜ்யத்தின் பழைய தொகுதிகளில் தாய்மொழி அட்டவணையும் பிறந்த இடத்தின் அட்டவணையும் உள்ளன. எந்தப் பத்தாண்டில் தமிழ் பேசுவோர் தொகை ஏறியது, அவர்களில் வெளியே பிறந்தவர் எத்தனை பேர் என்பனவற்றை அவை காட்டும். ஒன்றைமட்டும் மறத்தலாகாது: தெலுங்கர் தமிழை 'அரவம்' என்பர். ஆகவே பழைய காகிதங்களைப் புரட்டுவோர் 'தமிழ்' என்ற தலைப்போடு நின்றுவிடாமல் 'அரவ' என்ற சொல்லையும் தேடவேண்டும். மிகப் பழைய ஐரோப்பியர் எழுத்துகளில் தமிழர் 'மலபாரிகள்' எனவும் குறிக்கப்படுவர். அதைக் கண்டு தம் முன்னோர் மலையாளிகள் என்று மயங்க வேண்டுவதில்லை.

ஆக, குடிமதிப்பு நம்மை எண்ணியதே ஒழியப் பெயரிட்டு நினைவில் வைக்கவில்லை. பெயரிட்டு நினைவில் வைத்த ஏடு வேறொன்று உண்டு. அது மாதாகோயிலின் பதிவேடு. இதன் காரணம் எளிது. ஒருவன் ஞானஸ்நானம் பெற்றவனா, முன்னரே மணமானவனா, மணமக்களிடையே விலக்கப்பட்ட உறவு உண்டா என்று குருவானவர் அறிந்தாக வேண்டும். தொகை அவருக்குப் பயன்படாது, பெயரே வேண்டும். இங்கிலாந்தில் 1538-இல் இத்தகைய பதிவேடு வைக்கக் கட்டளை பிறந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் திரெந்து நகர்ச் சங்கம் 1563-இல் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. அவ்வழக்கம் கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயம் 1680-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டே அங்கு முதன்முதலாகப் பதிவான திருமணம் எலிஹு யேல் என்பாருடையது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவர் பெயரால் விளங்குகிறது. ராபர்ட் கிளைவின் திருமணமும் 1753-இல் அங்கேயே பதிவாயிற்று.

கம்பெனியின் பாதிரிமார் தங்கள் பதிவேடுகளின் படியை லண்டனுக்கு அனுப்பி வந்தனர். சென்னை மாகாணப் படிகள் 1698 முதற்கொண்டு இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே அவற்றில் காணப்படுவர். இந்தியக் கிறிஸ்தவர் ஆங்காங்கே தென்படுவர். தமிழ்க் கிறிஸ்தவர் தேடவேண்டியது முக்கியமாக உள்ளூர்க் கோயிலின் மூல ஏட்டையே. செகந்திராபாத்தில் புனித யோவான் ஆலயம் 1813-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொலாரம் திரித்துவ ஆலயம் 1847-ஆம் ஆண்டினது. கத்தோலிக்கருக்கு 1850-இல் எழுந்த புனித மரியன்னை ஆலயம் தாய்க்கோயில் போன்றது. 2008-இல் அதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்பு வழங்கப்பட்டது. ஹைதராபாத் தனி மறைமாநிலமாகப் பிரிந்தது 1851-இல். அதற்கு முன்பு இப்பகுதி சென்னையின் ஆளுகையில் இருந்தமையால், மிகப் பழைய செய்தியைத் தேடுவோர் அத்தலைமையிடத்தையும் மனத்தில் கொள்ளல் வேண்டும்.

பதிவேட்டைத் திறந்தவுடன் எல்லாம் விளங்கிவிடும் என்று எண்ணலாகாது. கத்தோலிக்க ஏடுகள் நெடுங்காலம் இலத்தீனில் எழுதப்பட்டன. வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பெற்றவர் ஏட்டில் பெத்ருஸ் என்றிருப்பார். சின்னப்பன் பவுலுஸ் ஆவார். அருளப்பன் யோவான்னெஸ் ஆவார். யாகப்பன் யாகோபுஸ், சூசை யோசேபுஸ். சவரிமுத்து என்பவரைச் சவேரியார் பெயரில் தேடவேண்டும். இவ்விரட்டைப் பெயர்கள் தெரியாமல், "எங்கள் பாட்டனார் பெயர் இல்லை" என்று ஏட்டை மூடிச் சென்றவர் பலராக இருக்கக்கூடும். ஆங்கில ஏடுகளிலோ எழுத்துத் தொல்லை. முதலியார் என்ற சொல்லைப் பழைய வெள்ளைக்கார எழுத்தர் எத்தனை விதமாக எழுதினர் என்று எண்ணி மாளாது. வாய்விட்டுப் படித்து, காதால் கேட்டுத் தேடுவதே தக்க வழி.

கத்தோலிக்கப் பதிவேட்டில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. 1907-இல் பாப்பரசர் பிறப்பித்து அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விதியின்படி, எங்கே திருமணம் நடந்தாலும், மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அச்செய்தி அனுப்பப்படல் வேண்டும். அங்குள்ள பழைய வரியின் ஓரத்தில் அது குறிக்கப்படல் வேண்டும். இதன் பயனை எண்ணிப் பாருங்கள். செகந்திராபாத்தில் 1910-இல் மணந்த ஒரு ரயில்வேத் தொழிலாளியின் திருமண வரி, அவர் எந்தக் கிராமப் பங்கில் நீராட்டப்பட்டார் என்பதைச் சுட்டக்கூடும். அக்கிராமத்து ஏட்டின் ஓரத்தில் செகந்திராபாத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். இரண்டு ஏடுகள் எண்ணூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்துகொண்டு ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. கிராமத்து ஏடு கிடைத்துவிட்டால் அங்கே தந்தை பெயர், தாய் பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்கள் யாவும் கிடைக்கும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவினராதலால், அப்பெயர்களே அடுத்த கதவுக்குத் திறவுகோலாகும்.

இவ்வழிக்கும் எல்லை உண்டு. வயது வந்தபின் மதம் மாறியவரின் வரியில், அவருடைய புதுப் பெயர் இருக்கும். பழைய பெயரும் தந்தை பெயரும் சில வேளை இரா. அங்கே குடும்பத்தின் வரலாறு சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. பஞ்ச காலத்தில் தாய் தந்தையரை இழந்து அநாதை விடுதியில் வளர்ந்த குழந்தைகளுக்கு அச்சுவர் இன்னும் அருகிலேயே நிற்கும்.

கிறிஸ்தவரல்லாத தமிழருக்கு இத்தகைய பதிவேடு இல்லையா? சிலருக்கு உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒன்பது நகரக் கோயில்களாகப் பிரிந்துள்ளனர். திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி எனக் கோயில் கணக்கில் ஏறுவர். மணத்துக்குக் கோயில் மாலை வந்தாக வேண்டும். மாதாகோயிலின் திருமண ஏட்டுக்கு நிகரான இவ்வொழுங்கைத் தமிழ்க்குடி ஒன்று தானே அமைத்துக்கொண்டது வியப்புக்குரியது. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் யாத்திரிகர் குடும்ப வழியைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் நீண்ட வகிக் கணக்கும் இவ்வகையினதே. மானிய நிலம் பெற்றிருந்த குடும்பங்களுக்கு, 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் பெரும் பயன் தரும். மானியம் முதலில் பெற்றவர் யார், அன்று அனுபவித்தவர் யார், அவருக்கு இவர் என்ன உறவு என்ற விவரங்கள் அவற்றில் உள. நிலவரித் திட்டத்தின் பதிவேடுகளில் பட்டாதாரர் பெயர் இருக்கும். இவை நிலம் உடையோரின் ஏடுகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறர் நிலத்தில் உழைத்தவன் பெயரை எந்தப் பட்டாவும் தாங்கி நிற்கவில்லை. பிழைப்புத் தேடிப் படையின் பின்னே நடந்து வந்தவர்களில் அத்தகையோரே மிகுதியாக இருந்திருப்பர்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் காண்க. அதே நிலமற்ற உழவன், வடக்கே வராமல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிருந்தால், அவன் பெயர் எழுதப்பட்டிருக்கும்! 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. 1911 வரையில் 1,52,184 பேர் அங்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதன் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். மொரீஷியஸில் குடியேறியவரின் ஏடுகள் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி பெயரால் விளங்கும் நிறுவனத்தில் பேணப்படுகின்றன, புகைப்படங்களும் உண்டு. ஓடிப்போனால் பிடிப்பதற்கென்று, அடிமை முறையின் மிச்சம் போன்ற ஓர் ஆட்சி எழுதி வைத்த ஏடு இது. எழுதியவரின் நோக்கம் இரக்கமற்றது. ஆயினும் இன்று டர்பனில் வாழும் ஒரு தமிழ்ப் பெண், தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர், தம் கொள்ளுப்பாட்டனாரின் கிராமத்தைச் சொல்லக்கூடும். ஒரே இரவு ரயிலில் சென்னைக்குப் போய்வரும் நம்மால் அது சொல்ல முடிவதில்லை. உள்நாட்டில் மாட்டு வண்டியிலும் மூன்றாம் வகுப்பு ரயிலிலும் வந்தவனை யாரும் நிறுத்திப் பெயர் கேட்கவில்லை. அது அவனுடைய சுதந்திரம். அதன் விலையை அவன் பேரன்மார் கொடுக்கின்றனர்.

எஞ்சியிருப்பவை வீட்டுக் காகிதங்கள். ஜாதகத்தை ஒரு பிறப்புப் பதிவாகவே கொள்ளலாம். அதில் தந்தை பெயரும் பெரும்பாலும் ஊரும் இருக்கும். ஆயினும் எச்சரிக்கை வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. விரோதி ஆண்டு 1889-இலும் வந்தது, 1949-இலும் வந்தது. பாட்டன் பெயரே பேரனுக்கும் உள்ள வீட்டில், 'விரோதி வருஷம்' எனக் குறித்த ஓலையோ காகிதமோ இருவரில் எவருடையது என்று துணிவது எளிதன்று. கலியாண்டோ சக ஆண்டோ உடன் குறிக்கப்பட்டிருந்தால் ஐயம் தீரும். பழைய கலியாணப் பத்திரிகைகள், ரயில்வே உத்தியோகப் புத்தகம், பள்ளிச் சேர்க்கை ஏடு, சென்னை மாகாணத்துப் பத்திரப் பதிவு நகல்கள் ஆகியவற்றையும் தள்ளலாகாது. கல்லறைத் தோட்டத்துக் கற்களில் ஊர்ப் பெயர் காணப்படுவதும் உண்டு. மழையும் வெயிலும் அவ்வெழுத்துகளை ஆண்டுதோறும் தின்றுகொண்டிருக்கின்றன.

இவை யாவும் கைவிட்ட குடும்பங்களிலும் ஒன்று மட்டும் தப்பி நிற்கக் கண்டிருக்கிறோம், அது குலதெய்வம். ஊர்ப் பெயர் மறந்தவரும், 'குழந்தைக்கு முடியிறக்க இன்ன அம்மன் கோயிலுக்குப் போவோம்' என்பார். அந்த அம்மன் எந்த ஆற்றங்கரையில், எந்த ரயிலடியில் இறங்கி எவ்வளவு தூரம் என்று வீட்டு மூதாட்டிக்குத் தெரியும். குடும்பம் அங்கிருந்து புறப்பட்டதென்பதற்கு அதுவே முகவரி. அக்கோயிலின் பூசாரி வீட்டில், பொங்கல் வைக்க வரும் பங்காளிகளின் பெயர் எழுதிய வரிக் கணக்கு நோட்டு ஒன்று இருத்தல் கூடும். அடுத்த முறை செல்வோர் முடியிறக்கி மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசியதும் புறப்பட்டுவிடாமல், அந்த நோட்டைச் சற்றே கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.